முயலின் பல்லும் குடலும்



மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவனுக்கு எந்தப் பொருளைப் பற்றிப் பேச எழுந்தாலும் முதலில் சொல்லின்மீதுதான் கண் செல்லும். இன்றைய பொருள் முயல். பிற மாநிலங்களில் வந்து குடியிருக்கும் நாம், பள்ளிக்கூடம் சென்று திரும்பும் நம் குழந்தைகளின் வாயிலாக இதற்கு வேறு பெயர்களும் உண்டென்று அறிந்திருக்கிறோம். பெங்களூரில் இருப்பவர்கள் ‘மொல’ என்று கேட்டிருப்பார்கள். அது நம் சொல்லுக்கு உடன்பிறப்பு. மும்பையிலும் புனேயிலும் ‘ஸஸா’ என்பார்கள். அது வடமொழிச் சொல்லின் வழி வந்தது. தில்லியிலும் கொல்கத்தாவிலும் ‘கர்கோஷ்’. இது பாரசீகத்திலிருந்து வந்த சொல். ‘கர்’ என்றால் கழுதை, ‘கோஷ்’ என்றால் காது. கழுதைக் காதன் என்பது அதன் பொருள்.

பெயர்கள் பலவாயினும் ஒரு குறை இவற்றுக்கெல்லாம் பொது. ஆங்கிலத்தில் ‘ஹேர்’ என்றும் ‘ராபிட்’ என்றும் இரண்டு பிராணிகளைப் பிரித்துச் சொல்கிறார்கள். நாமோ இரண்டையும் முயல் என்று ஒரே பெயரில் அடக்கிவிடுகிறோம். நம் ஊர்க் கரம்பையிலும் கொல்லைக்காட்டிலும் பாய்ந்தோடுவது முதல் வகை. அது வளை தோண்டாது. புல்லிடையே சிறு பள்ளத்தில் பதுங்கி வாழும். அதன் குட்டிகள் கண் திறந்து, உடலெங்கும் மயிருடன் பிறக்கும். அதைப் பிடிப்பதும் வீட்டில் வைத்து வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நகரத்துக் கடைகளில் கூண்டில் வைத்து விற்கப்படும் வெள்ளையும் சாம்பலுமான பிராணி இரண்டாம் வகை. இதன் குட்டிகள் குருடாய், மயிரின்றி, வளைக்குள்ளே பிறக்கும். நம் நூலாசிரியர்கள் சிலர் இதற்குக் குழிமுயல் என்று பெயரிட்டிருக்கிறார்கள். நல்ல பெயர்தான்; ஆயினும் வழக்கில் நிலைபெறவில்லை. ஆகையால் நானும் முயல் என்றே சொல்கிறேன். கடையில் வாங்கும் முயலைத்தான் குறிப்பிடுகிறேன் என்று கொள்க.

இதைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். நான் விலங்கு நூல் கற்றவனல்லன், கலைப் பட்டதாரி. ஒரு முயலை அறியாமையால் சாகவிட்டவன் என்பதே என் தகுதி.

என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. தில்லியில் அரசாங்கக் குடியிருப்பில் மாடியில் இருந்தோம். நாய் வளர்க்க இடமில்லை. முயலானால் சத்தம் செய்யாது என்று ஒரு கடையிலிருந்து வாங்கி வந்தோம். காரட், ரொட்டி, ஊறவைத்த கொண்டைக்கடலை ஆகியவற்றைக் கொடுத்தால் போதும் என்று கடைக்காரர் சொன்னார். அவ்வாறே செய்தோம். குளிர்காலத்தில் தில்லியில் கிடைக்கும் சிவப்பு காரட் கற்கண்டுபோல் இனிக்கும். அண்டை வீட்டுக் குழந்தைகள் பிஸ்கட்டும் கொண்டுவருவார்கள். முயலும் கொழுகொழுவென்று வளர்ந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் எங்கள் பராமரிப்பைப் புகழ்ந்தார்கள்.

இரண்டாம் ஆண்டுக் குளிர்காலத்தில் அதன் இடது கண்ணில் நீர் வடிந்தது. குளிர் என்று எண்ணினோம். பின்பு மோவாயின் அடியில் மயிர் நனைந்து கிடந்தது. தண்ணீர் குடிக்கையில் நனைத்துக்கொண்டது என்று எண்ணினோம். ஒருநாள் மாலை தட்டருகே ஆவலாய் வந்தது. ஒரு துண்டை வாயில் எடுத்தது. உடனே கீழே போட்டுவிட்டுப் பின்வாங்கியது. மறுநாளும் அப்படியே. கூண்டின் அடித்தட்டில் புழுக்கை இல்லை என்பதை மூன்றாம் நாள்தான் கவனித்தோம். கால்நடை மருத்துவரிடம் எடுத்துச் சென்றபோது, அவர் சிறு குழல்போன்ற கருவியை வாய்க்குள் செலுத்திப் பார்த்து, கடைவாய்ப் பற்கள் முள்போல் வளர்ந்து நாக்கைக் கிழித்திருக்கின்றன என்று சொன்னார். மயக்க மருந்து கொடுத்து அவற்றைத் தேய்த்துவிட்டார். காலம் கடந்துவிட்டது. அன்று இரவே முயல் இறந்தது.

“அப்பா, தட்டு நிறையத்தானே இருந்தது? பசித்தால் ஏன் தின்னவில்லை?” என்று என் மகள் கேட்டாள். அன்று என்னிடம் விடை இல்லை. பிறகு படித்தும் மருத்துவரிடம் கேட்டும் அறிந்துகொண்டதைத்தான் இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

முதலில் இந்தப் பிராணியின் பூர்விகத்தைப் பார்ப்போம். உலகில் மனிதர் வளர்க்கும் முயல்கள் யாவும், அங்கோரா மயிர் தரும் முயல் உட்பட, ஐபீரியத் தீபகற்பத்திலும் அதை அடுத்த தென்பிரான்சிலும் வாழ்ந்த ஒரே காட்டினத்தின் வழித்தோன்றல்கள். ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளின் வறண்ட சரிவுகளில் விளைவது என்ன? முரட்டுப் புல், காய்ந்த தண்டு, கசப்பான இலை. அங்கே காரட்டும் இல்லை, கடலையும் இல்லை. சத்துக் குறைந்த இந்த உணவை நிறையத் தின்று, விரைவாக அரைத்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு சக்கையை உடனே தள்ளிவிட்டு, பகைவன் வருமுன் வளைக்குள் ஓடிவிட வேண்டும். முயலின் பல்லும் குடலும் இந்த ஒரு வேலைக்கென்றே அமைந்தவை.

பல்லை எடுத்துக்கொள்வோம். முயலுக்கு மொத்தம் 28 பற்கள். முன்னே உளிபோன்ற வெட்டுப் பற்கள். கோரைப் பல் கிடையாது. அந்த இடம் வெற்றிடம். அதற்கும் பின்னே கன்னத்துக்குள் மறைந்து கடைவாய்ப் பற்கள், மேலே பக்கத்துக்கு ஆறு, கீழே பக்கத்துக்கு ஐந்து. முயலை எலி, அணில் முதலிய கொறிக்கும் பிராணிகளோடு சேர்த்து எண்ணுவது நம்மிடையே இன்னும் வழக்கமாக இருக்கிறது. அறிவியலாரும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணினார்கள். ஆனால் முயலின் மேல்வாயை உற்றுப் பார்த்தால், முன்னிரண்டு வெட்டுப் பற்களுக்கு நேர் பின்னே முளைக்குச்சிபோல் இன்னும் இரண்டு சிறு பற்கள் ஒளிந்திருக்கும். எலிக்கு அவை இல்லை. இதையும் வேறு உறுப்பு வேற்றுமைகளையும் கருதி, 1912-இல் கிட்லி என்னும் அமெரிக்க விலங்கியலார் முயல்களைத் தனி வரிசையாகப் பிரித்தார்.

மனிதனுக்குப் பல் ஒருமுறை முளைத்து வளர்ந்தபின் வேரின் நுனி மூடிக்கொள்கிறது, அதன்பின் வளர்ச்சியில்லை. முயலின் பற்களுக்கு வேர் மூடுவதே இல்லை. வெட்டுப் பற்கள் வாரத்துக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் வளர்கின்றன. ஓராண்டில் ஒரு சாணுக்குப் பாதி நீளம். எலிகளில் பலவற்றுக்கு முன்பற்கள் மட்டுமே இப்படி வளரும். முயலுக்கோ கடைவாய்ப் பற்கள் உட்பட 28 பற்களும் உயிருள்ளவரை வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லில் மணற்சத்து உண்டு. அது பல்லை அரத்தைப்போல் அராவும். தேயும் அளவுக்கு வளர வேண்டும். வளரும் அளவுக்குத் தேய வேண்டும். வரவும் செலவும் சரிக்கட்டுகிறவரை பல்லின் நீளம் ஒரே அளவாய் நிற்கும்.

இந்தத் தேய்மானம் எவ்வாறு நிகழ்கிறது என்பதுதான் கவனிக்கத்தக்கது. முயலின் கீழ்த்தாடை மேல்தாடையைவிடக் குறுகலானது. ஆகவே இருபுறத்துப் பற்களும் ஒரே சமயத்தில் ஒன்றோடொன்று பொருந்தா. புல்லை வெட்டுப் பற்களால் கத்தரித்தபின், கீழ்த்தாடையை ஒரு பக்கமாக ஒதுக்கி, அந்தப் பக்கத்துக் கடைவாய்ப் பற்களைக் குறுக்காக உரசி அரைக்கும். அம்மியில் குழவி ஓடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு நூறு முறைக்கு மேலும் இந்தக் குழவி ஓடும். நீண்ட புல்லைத் தின்னும்போது மட்டுமே இந்த வீச்சு முழுமையாக இருக்கிறது. கடலையையோ ரொட்டியையோ கொடுத்தால், அதைப் பொடியாக்கத் தாடையை மேலும் கீழும் சில தடவை அசைத்தால் போதும், அம்மி உரலாகிவிடுகிறது. பல்லின் நடுப்பகுதி தேயும், ஓரம் தேயாது.

தேயாத ஓரம் என்ன ஆகும்? கீழ்ப் பற்களின் ஓரம் நாக்கை நோக்கியும், மேல் பற்களின் ஓரம் கன்னத்தை நோக்கியும் முள்ளாக நீளும். ஒவ்வொரு முறை வாயசைக்கும்போதும் நாக்கில் கீறும். வலியால் எச்சிலை விழுங்க முடியாமல் மோவாய் நனையும். எங்கள் முயல் தண்ணீரில் நனைத்துக்கொண்டது என்று நாங்கள் எண்ணியது அதுதான். இதற்கு முன்பே வேறொன்று நடந்துவிடுகிறது. மேலே வளர இடமில்லாத பல், வேரின் பக்கமாகப் பின்னுக்குத் தள்ளப்படும். கீழ்த்தாடையின் அடியில் விரலால் தடவினால் சிறு கணுக்கள் தட்டுப்படும். மேல்தாடையில் அந்த வேர் கண்ணீர்க் குழாயை நெருக்கும்; கண்ணில் நீர் வடியும். கண்ணுக்கு மருந்து போட்டுக் கொண்டிருப்போம். நோய் பல்லில் இருக்கும். வேரடியில் சீழ் கட்டினால் அது தயிர்போல் இறுகியது, எளிதில் வடியாது. இவையெல்லாம் எக்ஸ்ரே படத்தில் மட்டுமே முழுதும் தெரியும். வாயைத் திறந்து முன்பல்லைப் பார்த்து ‘பல் நன்றாகத்தான் இருக்கிறது’ என்று முடிவு கட்டுவது, வீட்டு வாசலைப் பார்த்துவிட்டு அடுக்களையில் தீயில்லை என்று சொல்வதை ஒக்கும்.

உணவு ஒன்றே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. முகம் குட்டையாக இருக்கும்படி மனிதன் இனம் பெருக்கிய குள்ள முயல்களுக்குத் தாடைகள் பிறவியிலேயே பொருந்துவதில்லை. பொம்மைபோன்ற முகத்துக்கு நாம் ஆசைப்படுகிறோம். விலையை முயல் கொடுக்கிறது. அப்படி நீண்டுவிட்ட முன்பல்லை நகவெட்டியால் நறுக்கிவிடலாம் என்று சிலர் துணிவதுண்டு. பல் நீளவாக்கில் பிளந்து வேர்வரை கேடு செய்யும். அதை மருத்துவரின் கருவிக்கே விட்டுவிட வேண்டும்.

பல்லோடு கதை முடியவில்லை. நாக்கில் புண் வந்தால் நாம் இரண்டு நாள் கஞ்சி குடித்துச் சமாளிக்கிறோம். முயல் ஏன் இரண்டு நாளில் சாக வேண்டும்? அதற்கு விடை குடலில் இருக்கிறது.

முயல் பசுவைப்போல் நான்கு அறை இரைப்பை உடையதன்று; ஒரே அறைதான். அதன் நுழைவாயில் மிக இறுக்கமானது. ஆகையால் முயலுக்கு வாந்தியெடுக்க இயலாது. உள்ளே போனது பின்வழியாகத்தான் வந்தாக வேண்டும். நலமுள்ள முயலின் இரைப்பை ஒருபோதும் வெறுமையாவதில்லை. ஒருநாள் பட்டினி கிடந்தாலும் அதில் உணவு இருக்கும். இரைப்பையைக் கடந்து, சிறுகுடலில் மாவும் சர்க்கரையும் புரதமும் உறிஞ்சப்படுவது நமக்கு நடப்பது போன்றதே. அதன்பிறகு வருவதுதான் விந்தை.

சிறுகுடலும் பெருங்குடலும் கூடும் இடத்தில் நமக்குச் சிறிய பைபோல் ஒரு குருட்டுக்குடல் இருக்கிறது. முயலுக்கோ அதுவே வயிற்றின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறது. உணவுக்குழலில் உள்ள பொருள்களில் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பங்கு அதில்தான் தங்கும். அது ஒரு புளிக்கவைக்கும் பானை. எண்ணிறந்த நுண்ணுயிர்கள் அதில் குடியிருக்கின்றன. பெருங்குடலின் தொடக்கத்தில் ஒரு சல்லடை வேலை நடக்கிறது. அரைமில்லிமீட்டருக்கு மேற்பட்ட பெரிய நார்த்துணுக்குகள் கீழ்நோக்கித் தள்ளப்பட்டு, உலர்ந்த உருண்டைப் புழுக்கைகளாக வெளியேறுகின்றன. நுண்ணிய துகளும் நீரும் எதிர்த்திசையில் அலையடித்துக் குருட்டுக்குடலுக்கே திருப்பப்படுகின்றன. கடினமான நாரைப் பசுவைப்போல் பொறுமையாகக் கரைத்துக்கொண்டிருக்க முயலுக்கு நேரமில்லை. வெளியே வீசிவிடுகிறது.

குருட்டுக்குடலில் புளித்துத் தேர்ந்த பொருள், நாளில் சில மணி நேரம் மட்டும், வேறு உருவில் வெளிவரும். பிசுபிசுப்பான சவ்வால் மூடிய சிறு மணிகள், திராட்சைக் கொத்துப்போல் சேர்ந்திருக்கும். முயல் குனிந்து, அவை தரையில் விழுமுன்பே வாயால் வாங்கி, மெல்லாமல் விழுங்கிவிடும். நுண்ணுயிர்கள் ஆக்கிய புரதமும், பி வகை, கே வகை உயிர்ச்சத்துக்களும் இவ்வாறு இரண்டாம் முறை குடல்வழிச் சென்று உடலில் சேர்கின்றன. மோரோ என்னும் பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் 1882-இல் இதை விளக்கி எழுதினார். அதற்கு முன்னும் பின்னும் நெடுங்காலம், முயல் சும்மா உட்கார்ந்து வாயசைப்பதைக் கண்டு அது அசைபோடுகிறது என்றே பலர் நம்பினார்கள். யூதர்களின் பழைய சட்டநூலும் அதை அசைபோடும் பிராணிகளோடு சேர்த்தே பேசுகிறது. உணவை இரண்டு முறை பயன்படுத்துகிறது என்ற அளவில் அந்தக் கருத்து முழுத் தவறும் அன்று, வழிதான் வேறு. இதை அருவருப்பாகக் கருதித் தடுக்க முயலும் தாய்மார்களை நான் கண்டிருக்கிறேன். தடுத்தால் முயல் சத்துக் குறைவால் மெலியும். மாறாக, இந்த மென்மணிகள் தின்னப்படாமல் கூண்டில் நசுங்கியோ பின்புற மயிரில் ஒட்டியோ கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும். முயல் மிகக் கொழுத்துக் குனிய முடியாதிருக்கலாம், பல்வலி இருக்கலாம், உணவில் சத்து மிஞ்சியிருக்கலாம். பலரும் அதை வயிற்றுப்போக்கு என்று மயங்குவார்கள். கோடையில் அந்த அழுக்கில் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடும்.

இந்த ஏற்பாடு முழுவதையும் ஓட்டும் விசை எது? சல்லடையில் தங்காமல் வெளியே போகும் அந்த முரட்டு நார்தான். உடலுக்கு அது தரும் சத்து அற்பம். ஆனால் அது உள்ளே வந்துகொண்டிருந்தால்தான் குடல் சுருங்கி விரியும். குருட்டுக்குடலில் சேர்ந்தது உரிய காலத்தில் நகரும். நார் நின்றால் குடலின் அசைவு தளரும். உள்ளிருப்பது நீர் வற்றி இறுகும். இரைப்பையில் மயிர் உருண்டை அடைத்துக்கொண்டது என்று இதைச் சொல்வதுண்டு. நாக்கால் தன்னை நக்கிக்கொள்ளும் பிராணியின் வயிற்றில் மயிர் எப்போதும் இருக்கும். குடல் நின்றதால் அது உருண்டையாயிற்றே அன்றி, உருண்டையால் குடல் நிற்கவில்லை. குருட்டுக்குடலில் நல்ல நுண்ணுயிர்கள் குறைந்து, வாயுவும் நஞ்சும் உண்டாக்குபவை பெருகும். வாயு உப்பி வலி கொடுக்கும். வலியால் முயல் மேலும் தின்னாது. தின்னாததால் உடலின் கொழுப்பு கரைந்து ஈரலில் போய்க் குவியும். கொழுத்த முயலுக்கு இது இன்னும் விரைவாக நிகழும். நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்ட அந்தக் கொழுமையே எங்கள் முயலுக்கு எமனாயிற்று.

ஆகவே பன்னிரண்டு மணி நேரம் முயல் தின்னவில்லை, புழுக்கை போடவில்லை என்றால் அது அவசரம். விடியட்டும், ஞாயிறு கழியட்டும் என்று இருத்தலாகாது. முயல் பிறருக்கு இரையாகும் சாதி. நோயை வெளியே காட்டிக்கொண்டால் கழுகு அதைத்தான் முதலில் தூக்கும். நம் கண்ணுக்கு ‘கொஞ்சம் சோர்வாக இருக்கிறது’ என்று படும்போதே நிலைமை முற்றியிருக்கும். மூலையில் முதுகைக் கூனி உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்தால் வயிற்றுவலி என்று கொள்ளலாம்.

மருத்துவரிடம் செல்வோர் இரண்டு செய்திகளை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நாய்க்கும் பூனைக்கும் வாய்வழி கொடுக்கப்படும் பென்சிலின் இனத்து மருந்துகள், அமாக்சிசிலின், ஆம்பிசிலின் போன்றவை, முயலின் குருட்டுக்குடல் நுண்ணுயிர்களை அழித்து உயிருக்கே உலை வைக்கும். வீட்டில் மிஞ்சியிருக்கும் மாத்திரையைக் கொடுக்கும் பழக்கம் நம்மவரிடம் உண்டு. முயலுக்கு அது வேண்டா. மற்றொன்று, அறுவைச் சிகிச்சைக்கு முன் நாயைப் பட்டினி போடுவதுபோல் முயலைப் போடலாகாது. வாந்தியெடுக்க இயலாத பிராணிக்கு அதனால் பயனில்லை. குடல் நிற்பதுதான் மிச்சம். பல மருத்துவர்கள் மாடும் நாயுமே மிகுதியாகப் பார்ப்பவர்கள். நாம் பணிவுடன் கேட்டுவிடுவதில் தவறில்லை.

சரி, என்ன கொடுப்பது? உணவில் நூற்றுக்கு எண்பது பங்குக்குமேல் புல்லோ உலர்புல்லோ இருக்க வேண்டும். இரவும் பகலும் கூண்டில் அது இருந்துகொண்டே இருக்க வேண்டும். வடநாட்டில் பூங்காக்காரர்கள் ‘தூப்’ என்று சொல்லும் புல் வேறெதுவுமன்று, நம் அருகம்புல்தான். பிள்ளையாருக்கு நாம் சாத்துவதை முயலுக்குத் தாராளமாகப் போடலாம். பூச்சிமருந்து தெளித்த இடத்திலும் நாய்கள் திரியும் இடத்திலும் பறிக்கக் கூடாது. பறித்ததைக் குவித்து வைத்துச் சூடேறவிடவும் கூடாது. குளிர்காலத்தில் பால்காரர்கள் மாட்டுக்குப் போடும் ‘பர்சீம்’ மலிவாகக் கிடைக்கும். அதுவும், நம் ஊரில் குதிரைமசால் என்று சொல்லப்படுவதும் அவரைக் குடும்பத்துச் செடிகள். புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அவற்றில் மிகுதி. வளரும் குட்டிக்குத் தரலாம். வளர்ந்த முயலுக்கு எப்போதாவது ஒரு பிடி. முயலின் உடல் தின்ற சுண்ணாம்பை எல்லாம் ஏற்றுக்கொண்டு மிகுதியைச் சிறுநீரில் கழிக்கும். ஆகையால் அதன் சிறுநீர் இயல்பாகவே சற்று வெண்மையாய்க் கலங்கியிருக்கும். மிதமிஞ்சினால் மணல்போல் படியும். சில இலைகளைத் தின்றபின் சிறுநீர் செந்நிறமாவதும் உண்டு. இரத்தம் என்று எண்ணி நாங்கள் ஒருமுறை நடுங்கிப்போனோம்.

மாட்டுத்தீவனக் கடைகளில் ‘பூசா’ என்று கிடைக்கும் கோதுமை வைக்கோல் தூசு மிகுந்தது, பொடியாக நறுக்கியது; அம்மிக் குழவியை ஓட்ட அது உதவாது. நறுக்காத நீளத் தண்டாகக் கிடைத்தால் புல்லோடு கலந்து போடலாம். வில்லியம் கூப்பர் என்னும் ஆங்கிலக் கவிஞரைக் கல்லூரியில் படித்தவர்கள் நினைவில் வைத்திருக்கலாம். அவர் மூன்று காட்டு முயல்களை வீட்டில் வளர்த்தார். அந்த அனுபவத்தை 1784-இல் ஒரு பத்திரிகைக்கு எழுதினார். ஓட்ஸ் தானியத்தை அவை ஆவலாய்த் தின்னும் என்றாலும், சுத்தமான வைக்கோல் கிடைத்தால் அதை நாடா என்று அதில் குறித்திருக்கிறார். எந்த விலங்கு நூலும் படிக்காமல் கண்ணால் கண்டு எழுதியது. நான் அந்தக் கவிஞரைப் பரீட்சைக்குப் படித்தேன். இந்தக் கட்டுரையைப் படித்திருந்தால் உபகாரமாக இருந்திருக்கும்.

கீரை வகையில் கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி இலை, காலிபிளவரின் வெளியிலை முதலியவற்றை நாளுக்கு ஒரு கைப்பிடி, புதியதானால் சிறிது சிறிதாகப் பழக்கித் தரலாம். காரட் கிழங்கு இனிப்புப் பண்டம். ஒரு வில்லை போதும். அதன் தழை கிழங்கைவிட நல்லது. ரொட்டி, பிஸ்கட், சோறு, கடலை, உருளைக்கிழங்கு, வெங்காயம், பூண்டு ஆகியவை வேண்டா. தண்ணீர், எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 50 முதல் 150 மில்லிலிட்டர்வரை குடிக்கும். மண்சட்டியில் வைத்தால் கவிழ்க்காது. பழைய உணவிலிருந்து புல்லுக்கு ஒரே நாளில் மாற்றலாகாது. இரண்டு மூன்று வாரம் பிடிக்கும்.

முயலின் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால் முன்னும் பின்னும் மேலும் ஏறக்குறைய எல்லாவற்றையும் காணும். மூக்குக்கு நேர்முன்னே இருப்பதுமட்டும் தெரியாது. தீனியை மீசையாலும் உதட்டாலும் தடவியே அறியும். ஆகவே உணவை முகத்தில் திணிக்காமல் பக்கவாட்டில் வைப்பது நல்லது. காதைப் பிடித்துத் தூக்கும் வழக்கம் நம் ஊரில் உண்டு; அது கூடாது. காது அதன் வெப்பத்தை வெளியேற்றும் விசிறி. உடல் எடையில் எலும்பின் பங்கு பூனைக்கு இருப்பதைவிடக் குறைவு. பின்கால் தசைகளோ வலிமை மிக்கவை. அந்தரத்தில் உதைத்துக்கொண்டால் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளும். ஒரு கை மார்புக்கும் ஒரு கை பின்புறத்துக்கும் கொடுத்து உடலோடு அணைத்தே எடுக்க வேண்டும். வடநாட்டு மே, ஜூன் மாதங்களில் அனல்காற்றில் மாடியில் விடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டா. வியர்வையில்லாத பிராணி அது.

எங்கள் வீட்டில் இப்போது இரண்டாவதாக ஒரு முயல் இருக்கிறது. குவாஹாத்திக்கு மாற்றலாகிச் சென்ற அலுவலக நண்பர் ஒருவர் விட்டுச் சென்றது. வந்தபோது அதற்கும் ரொட்டிப் பழக்கம் இருந்தது. முதல் வாரம் புல்லைத் திரும்பியும் பார்க்கவில்லை. என் மகள் கொத்தமல்லித் தழையைப் புல்லின் நடுவே செருகிச் செருகி வைத்துப் பழக்கினாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவர் வாயைப் பார்க்கிறார். இதுவரை அரம் எடுக்க நேரவில்லை. காலையில் நாங்கள் செய்தித்தாளைப் பிரிக்குமுன் கூண்டின் அடித்தட்டை இழுத்துப் பார்க்கிறோம். புழுக்கைகள் ஒரே அளவாய், உலர்ந்து, உடைத்தால் நார்நாராய்ப் பிரிகின்றனவா என்று அவள் பார்ப்பாள். சிறுத்திருந்தால் அன்று காரட் கிடையாது, புல் இரட்டிப்பாக.